எடுத்துப் பாடியவர் நின்ற இடம்

ஜவ்வாது மலையில் உள்ள நெல்லிவாசல்நாட்டில் ஒரு திருவிழா இரவு. கரண்ட் போய்விட்டது. மைக்செட்டுக்காரர் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நண்பன் வீட்டுத் திண்ணையில் நாங்கள் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தோம். அவன் தன் செல்போனில் பாட்டு வைத்து, எவர்சில்வர் சொம்புக்குள் இறக்கினான். சின்னப் போனின் சத்தம் சொம்பின் வாய் வழியாகத் திரண்டு வந்தது. ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் எதையோ ஓதுவதுபோல் அடுக்கிக்கொண்டே போனது. சற்றுப் பொறுத்துப் பின்னணியில் ஒரு தாளம் கிளம்பியதும் திண்ணையோரம் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். “டேய், இது தளபதி பாட்டாச்சே!”

அவர் சொன்னது சரி. எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாயா அருள்பிரகாசம் 2007-இல் வெளியிட்ட ‘கலா’ இசைத்தொகுப்பின் முதல் பாட்டு, ‘பேம்பூ பங்கா’. 1991-இல் வந்த ‘தளபதி’ படத்துக்காக இளையராஜா அமைத்த ‘காட்டுக்குயிலு’ பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து அதில் கோத்திருக்கிறார்கள். மாயா தொடக்கத்தில் ஓதும் வரிகளும் இன்னொரு பாட்டின் சாயலில் அமைந்தவைதான். அமெரிக்காவின் மாடர்ன் லவர்ஸ் குழுவுக்காக ஜொனாதன் ரிச்மன் எழுதிய ‘ரோட்ரன்னர்’ அது. 1970-களில் லண்டனில் பங்க் இசைக்குக் கிளம்பிய பிள்ளைகள் பலருக்கு அதுதான் பாலபாடம். செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவும் அதை எடுத்துப் பாடியிருக்கிறது.

அந்தத் திண்ணையில் ‘ரோட்ரன்னர்’ யாருக்கும் தெரியாது. லண்டனில் அதே பாட்டைக் கேட்டு முதல் வரியிலேயே “இது ரிச்மன்” என்று சொல்லியிருக்கக்கூடிய ஆளுக்குக் ‘காட்டுக்குயிலு’ தெரிந்திருக்காது. ஒரே பாட்டில் இரண்டு ஊர்களின் ஞாபகம் இருக்கிறது. ஒவ்வோர் ஊரும் தன் பாதியை மட்டும் அடையாளம் கண்டு, அதையே முழுசு என்று நினைத்துக்கொள்கிறது. எடுத்துப் பாடுவதைப் பற்றி ரசிகர்களிடையே நடக்கும் சண்டைகளின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். அதே தொகுப்பில் உள்ள ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டைச் சுற்றிப் பல வருடங்களாக நடக்கும் சண்டைக்கும் இதுதான் வேர்.

‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டின் அடித்தளம் தி கிளாஷ் குழுவின் ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’. 1982 மே மாதம் வெளிவந்த ‘காம்பாட் ராக்’ இசைத்தட்டில் உள்ளது. நியூயார்க்கில் எலெக்ட்ரிக் லேடி ஸ்டுடியோவில், 1981-ஆம் ஆண்டின் கடைசி நாள் இரவில், புத்தாண்டு பிறப்பதற்குச் சற்று முன்புதான் அதைப் பதிவுசெய்து முடித்தார்கள். முதலில் ஏழு நிமிடத்தைத் தொட்ட பாட்டை, தொகுப்பைச் சீர்செய்த கிளின் ஜான்ஸ் ஐந்தரை நிமிடத்துக்குக் குறைத்தார். பங்க் என்றால் காது கிழியும் வேகம் என்று எதிர்பார்க்கிறவரை இந்தப் பாட்டு ஏமாற்றிவிடும். டாப்பர் ஹெடனின் டிரம்ஸ், பிரேசில் நாட்டு போஸா நோவாவைப்போல் தயங்கித் தயங்கி நடக்கிறது. அதன்மேல் கிட்டார் ஒரே சுழற்சியில் திரும்பத் திரும்ப வருகிறது. ஜோ ஸ்ட்ரம்மர் கத்தவில்லை. களைத்துப்போன ஒருவர் செய்தி சொல்வதுபோல் பாடுகிறார்.

இரும்பாலைகள் மூடப்பட்ட வடக்கு இங்கிலாந்தில் அந்தப் பாட்டு தொடங்குகிறது. வேலை தேடி வந்த வெளிநாட்டவரை “திரும்பிப் போ” என்று விரட்டுகிற ஊர் அது. அங்கிருந்து வியட்நாமுக்குப் போகிறது. அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பிறந்து, அப்பனால் கைவிடப்பட்ட குழந்தைகள், கையில் புகைப்படத்தோடு அவனைத் தேடுகிறார்கள். பிறகு நியூயார்க்கின் போதைத் தெருக்கள். எங்கே போனாலும் வந்தேறிக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: நரகத்துக்குப் போ. பாடிய ஸ்ட்ரம்மர் வந்தேறி அல்ல. பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை ஊழியரின் மகன். அங்காராவில் பிறந்தவர். அவருடைய அப்பா பிறந்தது நம் லக்னோவில். சாம்ராஜ்யத்தின் பின்கட்டு வழியாக வந்த குடும்பம் என்று சொல்லலாம். இன்னொருவரின் வலியை வெளியிலிருந்து, மனசாட்சியோடு பாடினார் அவர். அதில் குறை காண எனக்கு மனமில்லை. ஆனாலும் அந்தப் பாட்டில் வந்தேறி பேசுவதில்லை, அவனைப் பற்றித்தான் மற்றவர்கள் பேசுகிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பாட்டு பிறந்த காலத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஏனென்றால் அந்தக் காலத்து லண்டன் இசை உலகமே, எடுத்துப் பாடுவதைப் பற்றிய ஒரு தகராறில்தான் சூடேறியது.

1974-இல் எரிக் கிளாப்டன், ஜமைக்காவின் பாப் மார்லி பாடிய ‘ஐ ஷாட் தி ஷெரிஃப்’ பாட்டை எடுத்துப் பாடினார். அது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அவருடைய இசையே கறுப்பின மக்களின் புளூஸ் மரபில் ஊறி வளர்ந்தது. அதே கிளாப்டன் 1976 ஆகஸ்டில் பர்மிங்ஹாம் மேடையில் நின்றுகொண்டு, வெளிநாட்டவரை நாட்டைவிட்டு அனுப்ப வேண்டும் என்ற ஈனாக் பவலின் அரசியலை ஆதரித்துப் பேசினார். கொதித்துப்போன புகைப்படக்காரர் ரெட் சாண்டர்ஸும் அவருடைய நண்பர்களும் இசைப் பத்திரிகைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். உன் இசையில் பாதி கறுப்பு மக்களுடையதுதானே, அந்த ஷெரிஃப் பாட்டு யாருடையது என்று அதில் நேராகவே கேட்டார்கள். ‘இனவெறிக்கு எதிரான ராக்’ என்ற இயக்கம் அந்தக் கடிதத்திலிருந்து பிறந்தது.

1978 ஏப்ரல் 30 அன்று டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து பல்லாயிரம் பேர் ஊர்வலமாகக் கிழக்கு லண்டன் விக்டோரியா பூங்காவுக்கு நடந்தார்கள். அங்கே மேடையில் கிளாஷ், பர்மிங்ஹாம் கறுப்பின இளைஞர்களின் ஸ்டீல் பல்ஸ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ். எக்ஸ்-ரே ஸ்பெக்ஸின் பாடகி பாலி ஸ்டைரின் ஒரு சோமாலியரின் மகள், பல்லில் கம்பி மாட்டிய இளம்பெண். கிளாஷும் எடுத்துப் பாடியவர்கள்தான். ஜமைக்காவின் ஜூனியர் மர்வின் பாடிய ரெகே பாட்டான ‘போலீஸ் அண்ட் தீவ்ஸ்’ 1977-இல் வந்த அவர்களுடைய முதல் தொகுப்பிலேயே இருக்கிறது. மர்வினுக்கு அவர்கள் பாடிய விதம் பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டை மர்வினோடு சேர்ந்து உருவாக்கிய லீ பெர்ரி, அதே வருடம் கிளாஷின் இன்னொரு பாட்டுக்குத் தயாரிப்பாளராக வந்தார். பாப் மார்லி, பங்க்கும் ரெகேயும் சேர்ந்து ஆடும் விருந்தைப் பற்றியே ஒரு பாட்டுப் போட்டார்.

கிளாப்டனும் கிளாஷும் செய்தது ஒரே காரியம்தான். இருவரும் ஜமைக்காவின் பாட்டை எடுத்தார்கள். கிளாப்டன் அதைப் பாடிப் பேரெடுத்துவிட்டு, பாட்டுக்குச் சொந்தக்காரர்களை விரட்டச் சொன்னவர் பக்கம் போய் நின்றார். கிளாஷ் அந்த மக்களோடு ஒரே மேடையில் நின்றார்கள். யார் நன்றாகப் பாடினார் என்று கேட்டால் எனக்குக் கிளாப்டனின் விரல்கள்தான் மேல். ஆனால் அந்தக் கேள்விக்கு இங்கே வேலையில்லை.

செக்ஸ் பிஸ்டல்ஸ் 1978 ஜனவரியில் உடைந்தது. அதன்பிறகு வந்த ஆறேழு வருடங்களைத்தான் போஸ்ட்-பங்க் காலம் என்கிறார்கள். பழைய பாட்டை எடுத்து, சதையை உரித்து, எலும்பை மட்டும் காட்டுவது அந்தக் காலத்துப் பழக்கம். மார்வின் கே உருகிப் பாடிய ‘கிரேப்வைன்’ பாட்டை தி ஸ்லிட்ஸ் குழுப் பெண்கள் 1979-இல் தகரத்தைத் தட்டுவதுபோல் பாடினார்கள். ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ பாட்டை டீவோ குழு இயந்திரத்தின் விக்கலாக்கியது. 1960-களில் குளோரியா ஜோன்ஸ் பாடிய ‘டெயின்டட் லவ்’ பாட்டை 1981-இல் சாஃப்ட் செல் இரண்டே பேர் சிந்தசைசரில் வாசித்தார்கள். அதுதான் மூலம் என்று நினைத்து வளர்ந்தவர்கள் ஏராளம்.

இந்தக் கலகலப்புக்கு வெளியே தெருவில் ரத்தம் சிந்திக்கொண்டிருந்தது. 1979 ஏப்ரல் 23 அன்று, பஞ்சாபிகள் நிறைந்த சவுத்தாலில் இனவெறிக் கட்சியின் கூட்டத்தை எதிர்த்து நடந்த போராட்டத்தில் ஆசிரியர் பிளேர் பீச் கொல்லப்பட்டார். 1981 ஏப்ரலில் பிரிக்ஸ்டன் கலவரம் நடந்தது. அதே வருடம் ஜூலை 3 அன்று, மொட்டைத்தலை இளைஞர் கூட்டத்தின் கச்சேரி நடந்த சவுத்தால் மதுக்கூடத்தை ஊர் இளைஞர்கள் எரித்தார்கள். பாகிஸ்தான் வழி வந்த பையன்கள் தெற்கு லண்டனில் ‘ஏலியன் கல்ச்சர்’ என்ற பங்க் குழுவை நடத்தினார்கள். அன்னியப் பண்பாடு நம்மை மூழ்கடித்துவிடும் என்ற பொருளில் மார்கரெட் தாட்சர் 1978-இல் தொலைக்காட்சியில் பேசியதற்குப் பதிலாக வைத்த பெயர் அது. 1980-இல் ஓர் இசைத்தட்டு போட்டார்கள். சில வருடங்களில் கலைந்துவிட்டார்கள். அன்றைக்கு இசை உலகம் அவர்களுக்குக் காது கொடுத்திருந்தால், வந்தேறியின் சொந்தக் குரலுக்காக 2007 வரை காத்திருக்க வேண்டியிருக்காது என்று நினைத்து எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

மாயா 1975-இல் லண்டன் ஹவுன்ஸ்லோவில் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குப் போனார். போர் முற்றியபோது சிறிது காலம் சென்னையில். 1986-இல் அம்மா கலாவோடும் உடன்பிறந்தவர்களோடும் அகதியாக லண்டனுக்கே திரும்பினார். மிச்சம் பகுதியில் ஃபிப்ஸ் பிரிட்ஜ் என்ற அரசுக் குடியிருப்பில் வீடு கிடைத்தது. அவருடைய ரேடியோவை யாரோ திருடிக்கொண்டு போய்விட, அடுத்த வீட்டுச் சுவர் வழியாக வந்த ஹிப்-ஹாப்பைக் கேட்டுத்தான் வளர்ந்ததாக அவர் சொல்லியிருக்கிறார்.

அவர் வந்து சில மாதங்களில், 1987 பிப்ரவரியில், ஹீத்ரோ விமான நிலையத்தில் ஒரு சம்பவம். தஞ்சம் கேட்டு வந்த ஏறக்குறைய 60 ஈழத்தமிழர்களைத் திருப்பி அனுப்ப விமானத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் பலர் ஓடுதளத்திலேயே உடைகளைக் களைந்துபோட்டு, உள்ளாடையோடு நின்றார்கள். அந்தப் படங்கள் நாளிதழ்களில் வந்தன. நீதிமன்றம் தலையிட்டது. அரசாங்கம் உடனே ஒரு சட்டம் கொண்டுவந்தது. சரியான தாள்கள் இல்லாத பயணியை ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்குத் தலைக்கு 1,000 பவுண்டு அபராதம். எல்லைக் காவலர் செய்துகொண்டிருந்த வேலை, டிக்கெட் கவுண்டரில் நிற்கும் பெண்ணின் தலையில் வந்து விழுந்தது. தாள் இருந்தால்தான் விமானம். அந்தச் சட்டத்தை அறிந்தபிறகு ‘பேப்பர் பிளேன்ஸ்’, அதாவது ‘காகித விமானங்கள்’ என்ற தலைப்பைக் குழந்தை விளையாட்டாக என்னால் கேட்க முடியவில்லை.

மாயா ஓவியமும் திரைப்படமும் படித்தவர். எலாஸ்டிகா என்ற குழுவின் 2000-ஆம் ஆண்டுத் தொகுப்புக்கு அட்டைப்படம் செய்தார். அவர்களோடு ஊர் ஊராகப் போய்ப் படம் பிடித்தார். இங்கே ஒரு பக்கக்கதை. போஸ்ட்-பங்க் பாட்டை எடுத்தாண்டதற்காக 1990-களில் அதிகம் திட்டு வாங்கிய குழுவே எலாஸ்டிகாதான். ‘கனெக்‌ஷன்’ பாட்டின் கிட்டார் 1977-இல் வயர் குழு வாசித்ததைப்போலவே இருக்கிறது என்று பிரச்சினையாகி, நீதிமன்றத்துக்கு வெளியே பேசித் தீர்த்துக்கொண்டார்கள். எது திருட்டு, எது மரியாதை என்ற தகராறு நடந்துகொண்டிருந்த வீட்டில்தான் மாயா இசைக்குள் நுழைந்தார். அந்தப் பயணத்தில் உடன் வந்த பாடகி பீச்சஸ், ரோலண்ட் எம்சி-505 என்ற தாளப் பெட்டியை அவருக்குக் காட்டிக்கொடுத்தார். தாளம், சுருதி எல்லாம் ஒரே பெட்டிக்குள். கச்சேரிக்கு ஆள் சேர்க்கத் தேவையில்லை. முதல் தொகுப்பு ‘அருளர்’ 2005-இல் வந்தது, அப்பாவின் இயக்கப் பெயரில். இரண்டாவதுக்கு அம்மாவின் பெயர்.

‘கலா’வை அமெரிக்காவில் இருந்து செய்யத்தான் திட்டம். 2006-இல் விசா கிடைக்கவில்லை. ஆகவே இந்தியா, டிரினிடாட், லைபீரியா என்று அலைந்து செய்தார். சென்னைக்கு வந்து உறுமி மேளக்காரர்களை வைத்துப் பதிவுசெய்தார். ‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டில் அந்த உறுமியோடு, 2003-இல் வந்த ‘ஜெயம்’ படத்தில் ஆர்.பி. பட்நாயக் இசையமைத்த ‘திருவிழான்னு வந்தா’ பாட்டின் துணுக்கும் கலந்திருக்கிறது. ‘ஜிம்மி’ என்பது 1982-இல் ‘டிஸ்கோ டான்ஸர்’ படத்துக்குப் பப்பி லஹிரி போட்ட பாட்டின் மறுபிறப்பு. சிறுமியாக இருந்தபோது வீட்டு விசேஷங்களில் அதற்கு ஆடிக்காட்டச் சொல்வார்களாம். ‘20 டாலர்’ பாட்டில் பிக்ஸீஸ் குழுவின் வரிகளைத் தன் குரலில் பாடுகிறார். ‘டிஸ்கோ டான்ஸரும்’ ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்லும்’ ஒரே வருடத்துப் பிள்ளைகள் என்பதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன். யாழ்ப்பாணத்து வீட்டுக்கூடத்தின் 1982-ம் லண்டன் தெருவின் 1982-ம் இருபத்தைந்து வருடம் கழித்து ஒரே தொகுப்பில் சந்தித்துக்கொண்டன.

‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டில் கிளாஷின் கிட்டார் சுழற்சியைத் தயாரிப்பாளர் டிப்ளோ அப்படியே ஓடவிட்டார். பாட்டின் ஆக்கியோர் பட்டியலில் கிளாஷின் நால்வருடைய பெயரும் இருக்கிறது. மாயா அதன்மேல் புது வரிகளைப் பாடினார். போலி விசா தயாரிப்பதாகப் பெருமையடிக்கும் ஒருவரின் குரல் அது. பல்லவியில் குழந்தைகள் சேர்ந்து பாடுகிறார்கள். சொல் வரவேண்டிய இடத்தில் துப்பாக்கி வெடிக்கிறது, மறுபடி குண்டேற்றும் சத்தம், கல்லாப்பெட்டி திறக்கும் ‘ணிங்’. 2008-இல் அது அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தில் ரயிலில் சிறுவர்கள் பிழைப்பு நடத்தும் காட்சியில் வந்தது. ஆண்டின் சிறந்த பதிவுக்கான கிராமி பரிந்துரையும் கிடைத்தது.

எங்களுக்கு அது வந்து சேர்ந்தது அந்தப் படத்தின் வழியாகத்தான். 2009-இல் திருப்பத்தூர் பேருந்து நிலையத்துப் பக்கத்துச் செல்போன் கடைகளில் மெமரி கார்டுக்குப் பாட்டு ஏற்றுவார்கள். ஒரு ஜிபி கார்டைக் கொடுத்தால் கணினியில் செருகி, ‘ராஜா மெலடி’, ‘குத்துப் பாட்டு’, ‘இங்கிலீஷ்’ என்று பெயரிட்ட பெட்டிகளிலிருந்து அள்ளிப் போடுவார் கடைக்காரத் தம்பி. ‘இங்கிலீஷ்’ பெட்டியில் இருபது முப்பது பாட்டுதான் இருக்கும். அதில் ஒன்று ‘பேப்பர் பிளேன்ஸ்’. பாடியவர் தமிழ்ப் பெண் என்று தம்பி சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. அந்தக் கார்டுகள்தான் மலைக்கும் ஏறின. நெல்லிவாசல்நாட்டு நண்பனின் போனில் அன்றிரவு இருந்ததும் அந்தக் காலத்தில் ஏற்றிய பாட்டுதான். போன்கள் மாறியும் கார்டு மாறவில்லை.

எங்கள் கூட்டத்தில் அப்போதிருந்து மூன்று கட்சிகள் உண்டு. பழைய ராக் இசையைத் தேடிக் கேட்கும் நண்பர் ஒருவருக்கு, ‘பேப்பர் பிளேன்ஸ்’ வெறும் ஒட்டுவேலை. கிளாஷ் போட்ட அஸ்திவாரத்தின்மேல் தகரக் கொட்டகை என்பார். அது எடுத்துப் பாடும் கவர் பாட்டே அல்ல, பாட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்த சாம்பிள்தான் என்பார். முறையான கவர் வேண்டுமானால் 2009-இல் லில்லி ஆலன், கிளாஷின் மிக் ஜோன்ஸையே உடன் வைத்துக்கொண்டு ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’ பாடியிருக்கிறாரே, அதைக் கேள் என்பார். இன்னொருவருக்கு மாயா தமிழச்சி என்பது ஒன்றே போதும், வேறு கேள்வியே கிடையாது. மூன்றாவது கட்சியில் நான் தனி ஆள்.

லில்லி ஆலன் அந்தப் பாட்டை மரியாதையோடு பாடியிருக்கிறார். மெட்டு அதே, வரி அதே, நிற்கும் இடமும் அதே. வந்தேறியைப் பற்றி இன்னுமொரு பிரிட்டிஷ் குரல். மாயா ஒரு வரியைக்கூட எடுத்துப் பாடவில்லை. ஆனால் 1982-இல் அந்தப் பாட்டு யாரை நோக்கி “போ” என்று ஊர் சொல்வதாகப் பாடியதோ, அந்த ஆள் இருபத்தைந்து வருடம் கழித்து வந்து அதே கிட்டாரின்மேல் வாய் திறக்கிறார். உங்கள் பயத்தில் நான் எப்படித் தெரிகிறேனோ அப்படியே நடித்துக்காட்டுகிறேன் பார் என்கிறார். போலித்தாள், துப்பாக்கி, பணம். அந்தப் பாட்டுக்கு அந்தப் பாட்டுக்குள்ளிருந்தே வந்த பதில் இது. சட்டத்தின் கணக்கில் சாம்பிளாக இருக்கலாம். என் கணக்கில் ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’ பாட்டுக்கு வந்த ஒரே முழுமையான கவர் இதுதான்.

இப்படிக் கேட்க எனக்குக் கற்றுக்கொடுத்தது லண்டன் அல்ல, பாரதி. நம்மிடம் இதற்கு அழகான சொல்லே இருக்கிறது: வர்ணமெட்டு. பழைய பாட்டுப் புத்தகங்களில் புதுப் பாட்டின் தலையில் இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று அச்சடித்துவிட்டுத்தான் பாட்டைத் தொடங்குவார்கள். ராக தாளம் குறிக்கத் தெரியாதவர்களுக்கு வழிகாட்டும் ஏற்பாடு என்று மட்டும் இதைப் பார்க்கிறவர்கள் உண்டு. பாரதி அதை ஆயுதமாக்கினார். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தில், சிதம்பரம் போக ஆசைப்படும் நந்தனை நிலக்கிழார் சாதி சொல்லி இழித்துப் பேசும் பாட்டு ஒன்று வரும். ஊரெல்லாம் கதாகாலட்சேபத்தில் கேட்ட மெட்டு. பாரதி அதே மெட்டில், சுயராஜ்யம் கேட்கும் இந்தியனை ஆங்கிலேய அதிகாரி இழித்துப் பேசுவதாக எழுதினார். கேட்கிறவன் முதலில் அதிகாரிமேல் கோபப்படுவான். மறுகணம் மெட்டு அவன் காதில் வேறொன்றைச் சொல்லும். இதே ராகத்தில் நீ நந்தனிடம் பேசியிருக்கிறாயே. வரி வெள்ளைக்காரனைக் குத்துகிறது, மெட்டு நம்மைக் குத்துகிறது. பழைய பாட்டின் ஞாபகம் இல்லாதவனுக்கு அந்த இரண்டாவது குத்து விழவே விழாது.

மாயாவின் பாட்டிலும் ஒடுக்குகிறவனின் கற்பனைதான் வரிகளாக வருகிறது. அடியில் ஓடும் பழைய இசைதான் மறுபேச்சைப் பேசுகிறது. பாரதி மெட்டை எடுத்தார், மாயா ஒலியையே எடுத்தார் என்பது காலத்தின் வித்தியாசம்.

இதோடு ஒப்பிட, ‘கலா’ வந்த அதே வருடத்துத் தமிழ் சினிமாவைப் பார்க்கலாம். 2003-இல் ‘குறும்பு’ படத்தில் யுவன் சங்கர் ராஜா ‘ஆசை நூறு வகை’ பாட்டை ரீமிக்ஸ் செய்ததிலிருந்து ஓர் அலை கிளம்பியது. 2007-இல் ‘பில்லா’ வந்தது, ‘அழகிய தமிழ்மகன்’ படத்தில் ‘பொன்மகள் வந்தாள்’ வந்தது. டீக்கடையில் இதற்காகத் தொண்டை கட்டும்வரை சண்டை போட்டிருக்கிறோம். டி.எம்.எஸ். குரலைத் தொடலாமா, எம்.எஸ்.வி.யின் மெட்டில் ராப் சொருகலாமா என்று. அந்த ரீமிக்ஸ்கள் பலவும் பழைய சந்தோஷத்தை இன்னும் சத்தமாகத் திருப்பித் தந்தன. ஆட நன்றாக இருந்தன. பழைய பாட்டிடம் அவை எதையும் கேட்கவில்லை, அதற்குப் பதிலும் சொல்லவில்லை. ஆகவே எங்கள் சண்டையும் யார் குரல் பெரிது என்பதைத் தாண்டவில்லை.

ராக் நண்பரின் வாதத்தில் எனக்கு உறுத்தும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். ‘கலா’வைப் பற்றிய விவாதங்களில் கிளாஷுக்கு என்ன மிஞ்சியது, பிக்ஸீஸுக்கு என்ன நியாயம் என்று கேட்கிறார்கள். இளையராஜாவைப் பற்றியும் பட்நாயக்கைப் பற்றியும் அதே கவலையோடு கேட்பவர்களைப் பார்ப்பது அரிது. ஒரு பாட்டுக்கு மூலம் என்ற மரியாதை கிடைக்க, அது கேட்பவரின் ஞாபகத்தில் முன்பே இருக்க வேண்டியிருக்கிறது. ஞாபகத்தில் இல்லாதது வெறும் சத்தம், கிழக்கத்திய தாளம், வண்ணம். அந்த வகையில் அன்று திண்ணையில் படுத்திருந்தவர் “இது தளபதி பாட்டாச்சே” என்று எழுந்து உட்கார்ந்தது, பெரிய விமர்சகர்கள் செய்யத் தவறிய வேலை.

அன்றிரவு அடுத்ததாக நண்பன் ‘பேப்பர் பிளேன்ஸ்’ வைத்தான். குழந்தைகளின் குரல் வந்தது. நான்கு வெடிச்சத்தம் வந்தது. சொம்புக்குள்ளிருந்து வந்ததால் இருட்டில் அது நிஜம்போலவே கேட்டது. எதிர் வீட்டுத் திண்ணையில் இருந்த பெரியவர், “அத்த நிறுத்து தம்பி” என்றார். காரணம் சொல்லவில்லை. நண்பனும் கேட்கவில்லை, போனைத் தடவி நிறுத்தினான்.

2007-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்த வெடிச்சத்தத்தை மழுங்கடித்து ஒலிபரப்பினார்கள். மாயா கோபப்பட்டார். அவர் பக்கம் நியாயம் இருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவருக்கு அந்தச் சத்தம் அலங்காரம் அல்ல. ஆனால் இந்த மலையில் அந்தச் சத்தத்துக்கு இன்னொரு தேதி உண்டு. 2015 ஏப்ரல் 7. சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று சொல்லி ஆந்திரப் போலீசார் 20 தமிழ்த் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். சாமை விளைந்து முடிந்தபின் கூலிக்காக மலையிறங்கும் ஆட்கள். மாநில எல்லையைத் தாண்டியதும் திருடர் என்ற முகம் அவர்களுக்கு மாட்டப்பட்டுவிடுகிறது. கிளாஷ் பாடிய ஆளும், மாயா நடித்துக்காட்டிய ஆளும் அங்கே எதிர் திண்ணையில் உட்கார்ந்திருக்கக்கூடும் என்பது எனக்கு அந்த நிமிடம்வரை உறைக்கவில்லை. பதில் சொல்லும் பாட்டுகூட, யார் வாசலில் ஒலிக்கிறது என்பதைப் பொறுத்து அடியாகிவிடலாம்.

ஜெனரேட்டர் இன்னும் கிளம்பவில்லை. திருவிழாவுக்கு அடிக்கக் கீழிருந்து வந்திருந்த உறுமிக்காரர் ஒருவர் எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தார். நண்பன் ‘பேர்ட் ஃப்ளூ’ வைத்தான். உறுமியின் ஒரு முகத்தை நேர்க்குச்சியால் அடிப்பார்கள், மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்க்கும்போதுதான் தோல் உறுமும். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவருடைய கட்டைவிரல் தொடைமேல் தேயத் தொடங்கியது. மாயா பாடிக்கொண்டிருந்ததை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. பாட்டு முடிந்ததும் மறுபடி வைக்கச் சொன்னார். மூன்றாம் முறை, “இங்க பாரு, இங்க இழுக்கறான் பாரு, இந்த இழுப்பு எல்லாருக்கும் வராது” என்றார்.

தன் பட்டன் போனை எடுத்து நீட்டினார். நண்பன் கார்டைக் கழற்றித் தன் போனில் போட்டுப் பாட்டை ஏற்றினான். பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறது, உங்களுக்குத் தேட வருமா என்று கேட்டான். “மாத்திடு” என்றார். என்ன பெயர் போடுவது என்று கேட்டதற்கு அவர் யோசிக்கவே இல்லை. நண்பன் ‘உறுமி’ என்று தட்டிவிட்டுக் கார்டைத் திருப்பிக் கொடுத்தான்.